புளுகி மரம்

ஊத்துமேட்டுக்குப் போய்ப் பலாமரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எந்தப் பலா என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊரில் வெறும் பலா என்று ஒன்று கிடையாது. சண்டைப் பலா உண்டு. அண்ணன் தம்பி இருவர் அதன் அடியில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கரடிப் பலா உண்டு. டிரைவர் ஜெப்சன் ஓட்டிவந்த ஜீப் முட்டி நின்ற நாளிலிருந்து ஜீப்புப் பலா என்றும் ஒன்று உண்டு. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் யோசிப்பவர்கள் மரத்துக்கு ஒரு நொடியில் வைத்துவிடுவார்கள். வைத்த பெயரை மரம் சாயும் வரை விடமாட்டார்கள்.

இந்தப் பழக்கம் தெரியாமல்தான் மேனகா வந்து மாட்டினாள். பஞ்சாயத்துக்கென்று ஒரு பல்லுயிர்ப் பதிவேடு போடுகிறார்கள். எல்லைக்குள் இருக்கும் செடி, கொடி, மரம் எல்லாவற்றையும் அந்தந்த ஊர் வழங்கும் பெயரோடு எழுத வேண்டும். சேலத்தில் தாவரவியல் படித்த மேனகாவுக்கு அந்த வேலை. மஞ்சக்குட்டையில் ஷேர் ஜீப்பை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்து வந்து, முதல் நாளே பதினான்கு வகைப் பலா எழுதிக்கொண்டு போனாள். மறுநாள்தான் பதினான்கும் ஒன்றே என்று புரிந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, பதின்மூன்றை அடித்தாள். பலா அவளுக்குத் தெரிந்த மரம், அதனால் தப்பித்தாள். ஊற்றுக்குக் கீழே உளைச்சேற்றில் நின்ற மரம் அவளுக்குத் தெரியாத மரம்.

அது கோடையிலும் இலை உதிர்க்காது. வேர் முழுக்கத் தண்ணீருக்குள். பங்குனியில் கிளை தெரியாமல் வெள்ளைக் குஞ்சமாகப் பூக்கும், தேனீ இரைச்சல் மேட்டுப் பாதைவரை கேட்கும். சுற்றிலும் வல்லாரை படர்ந்து பச்சைப் பாய் விரித்தமாதிரி இருக்கும், காலை வைத்தால் ஆளையே இழுத்துவிடும். இது என்ன மரம் என்று மேனகா கேட்டாள். வழிகாட்ட வந்திருந்த உள்ளூர்ப் பெண் வெண்ணிலா, இது தெரியாதா என்பதுபோல், புளுகி மரம் என்றாள். தாளை வாங்கி வழக்குப் பெயர் என்ற கட்டத்தில் தன் குண்டுக் கையெழுத்தில் அவளே எழுதியும் கொடுத்தாள். பெயர்க் காரணம் என்ற கட்டத்துக்கு அவளிடம் பதில் இல்லை. எந்தக் காலத்திலோ எவளோ ஒரு புளுகி இருந்திருப்பாள் என்றாள். மேனகா யோசித்து, பூக்கிற அளவுக்குக் காய்க்காமல் ஏமாற்றுவதால் இருக்கலாம் என்று தானாக ஒன்றை எழுதினாள்.

வெண்ணிலா வெள்ளையம்மாளின் ஒரே மகள். அந்தப் புளுகி வெள்ளையம்மாள்தான். ஊரில் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அது தெரியும், வெண்ணிலாவுக்குத் தெரியாது.

இருபத்தொன்பது வருடமாக அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் வெள்ளையம்மாள் முகத்தை மாற்றாமல் நிற்கப் பழகியிருந்தாள். புளுகி மரத்துப் பக்கம் மாடு போயிருச்சு என்பார்கள். புளுகி மரத்துல தேன் கட்டியிருக்குது என்பார்கள். யார் அந்தப் புளுகி என்று வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லக் கூடாதென்று அன்றைக்கே ஊரில் கட்டுப்பாடு போட்டாயிற்று. அவளைக் கட்டிக் கொடுக்க வேண்டுமே. ஆளை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டதில் ஊருக்குத் தான் நொம்ப நல்லது செய்துவிட்ட நினைப்பு. பிள்ளைகள் விளையாட்டில் பொய் சொல்லி மாட்டியவனை மரத்துக்கு நேரே நிறுத்திக் கை கொட்டிச் சிரிப்பார்கள். வெண்ணிலாவும் கொட்டியிருக்கிறாள். ஏழு வயதில் ஊட்டுக்கு வந்து அந்த விளையாட்டை அம்மாவுக்கு ஆடியும் காட்டினாள். வெள்ளையம்மாள் சிரித்தாள்.

அதையெல்லாம் பொறுத்தவளால் பதிவேட்டைப் பொறுக்க முடியவில்லை. புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்கள், ஊற்றுக்குப் போகும் பாதையில் சுற்றுலாக்காரர்களுக்காக மரத்துக்கு மரம் பலகை நடப் போகிறார்கள் என்று வெண்ணிலாதான் வந்து சொன்னாள். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் பலகை எழுதுவாங்களாம்மா என்று அவளுக்கு ஒரே பெருமை. பேச்சு காற்றில் போகும், மரமும் ஒருநாள் சாயும், தன்னோடு அந்தப் பெயரும் மண்ணுக்குள் போய்விடும் என்றுதான் வெள்ளையம்மாள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பலகை வைத்துவிட்டால்? எவனோ ஒருவன் நின்று படித்துவிட்டு யார் அந்தப் புளுகி என்று கேட்பான். எவனோ ஒருவன் சொல்லுவான். மகள் காதுக்கு அது வர எத்தனை நாள் ஆகும்?

நடந்தது இதுதான். அவளுக்கும் ராசம்மாளுக்கும் அப்போது பதினாறு வயது, ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்கமாட்டார்கள். வல்லாரை பறிக்கப் போனவர்களில் ராசம்மாள் முன்னால் இறங்கிவிட்டாள். வெள்ளையம்மாள் விறகுக் கட்டோடு மேட்டில் நின்றாள். ராசம்மாளின் கால் உளையில் இறங்கியது. பக்கத்துப் பாறைமேல் ஊர்க்கவுண்டர் மகன் தனபால், ஆரஞ்சு பறிக்கும் நீளக் கொக்கியோடு நின்றிருந்தான். கொக்கியை நீட்டினான். ராசம்மாள் எட்டிப் பிடிக்கப் போகையில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்தான். மாமான்னு கூப்புடு, தர்றேன் என்றான். அவள் கூப்பிட்டாள். மறுபடி நீட்டி மறுபடி இழுத்தான். இன்னும் சத்தமா என்றான். மூன்றாவது முறை அவன் நிஜமாகவே நீட்டினான், பிடிக்க அங்கே கை இல்லை. விறகைப் போட்டுவிட்டு வெள்ளையம்மாள் விழுந்தடித்து இறங்கி வந்தபோது பாறையில் அவனும் இல்லை.

பார்த்ததைப் பார்த்தபடி ஊர்க்கூட்டத்தில் சொன்னாள். கூட்டத்துக்குத் தலைவர் யார்? தனபாலின் அப்பா. தன் மகன் அன்றைக்கு அடிவாரத்துக்குப் போயிருந்தான் என்றார், ஆமாம் போயிருந்தான் என்று நான்கு பேர் தலையாட்டினார்கள். அப்புறம் அவளை அதே மரத்தடியில், அதே உளையில் தொடை ஆழத்துக்கு இறக்கி நிறுத்தினார்கள். சொன்னது புளுகு என்று மூன்று முறை சொன்னால் ஏறி வரலாம். ஆடி மாதம், சாரல் நிற்கவில்லை. தொடையில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே சேறு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. ராசம்மாளை வாங்கிய சேறு. மதியம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கரையில் அவளைப் பெற்ற அப்பன் கைகூப்பி நின்று, சொல்லீரு சாமி, சொல்லீரு என்று அழுதான். அவர்கள் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அப்பன் அழுததைத் தாங்க முடியாமல் மூன்று முறை சொல்லிவிட்டு ஏறி வந்தாள். அன்று சாயங்காலமே மரத்துக்குப் பெயர் வந்துவிட்டது.

தனபால் இப்போது ஐம்பதைத் தாண்டிய பெரிய மனிதர். காப்பியும் மிளகுமாக நல்ல விளைச்சல், பதிவேட்டுக் குழுவுக்குத் தலைவர். வழியில் பார்த்தால், சௌக்கியமா அம்மிணி என்று நின்று விசாரிப்பார். அவள் புருசன் குழந்தைவேலுவுக்குத் தன் தோட்டத்தில் மேஸ்திரி வேலை கொடுத்து இருபது வருடமாக வைத்திருக்கிறார். வெண்ணிலா கல்லூரிக்குப் போனதற்கும் அவர்தான் சிபாரிசு. வெள்ளையம்மாளுக்கு அந்த நல்ல குணத்தைக் கண்டால்தான் குலை நடுங்கும். அவர் மறந்துவிட்டார் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ஊர் அந்தப் பெயரை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தனபால் ஒவ்வொரு முறை விடுதலை ஆகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு மத்தியானம், வெண்ணிலா இல்லாத நேரம் பார்த்து, மேனகாவைத் தனியாகப் பிடித்தாள். மரத்துக்கு உண்மைப் பெயர் அது இல்லை, நீர்நாவல் என்றாள். அந்தக் காலத்தில் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள். மேனகா போனில் எதையோ தேடிப் பார்த்து, பறித்து வைத்திருந்த இலையைக் கசக்கி முகர்ந்து, துள்ளிக் குதிக்காத குறையாக, ஆமாக்கா நாவல் இனம்தான், தண்ணியோரம் நிக்கிற நாவல் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன் என்றாள்.

"அது வேண்டாங் கண்ணு. நீர்நாவல்னு மட்டும் எழுதீருங்க."

"ஏங்க்கா?"

"அந்தப் பேரு நல்லாயில்லீங்க."

மேனகா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சரிக்கா, அசிங்கமாத்தான் இருக்குது என்று வெண்ணிலா எழுதியதன்மேல் கோடு போட்டு அடித்தாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் வெள்ளையம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்தொன்பது வருடம் யாராலும் ஆகாத காரியம், ஒரு பால்பாயிண்ட் பேனாவால் ஆகிவிட்டது. அன்று ராத்திரி சோறு இறங்கியது. குழந்தைவேலுவிடம்கூட அவள் சொல்லவில்லை. கட்டிக்கொண்ட அன்றே அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான்: அந்தப் பேச்சு ஊட்டுக்குள் வரக் கூடாது. அதை இருவரும் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

மே ஒன்றாம் தேதி கிராமசபை. பதிவேட்டைச் சபையில் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினால்தான் அச்சுக்குப் போகும். பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெண்ணிலா முன்வரிசையில், மேனகாவின் தாள்களைப் பிடித்துக்கொண்டு. குழந்தைவேலு ஆண்கள் பக்கம் சுவரோரம். வெள்ளையம்மாள் பெண்களுக்கு நடுவே. புல், பூண்டு, காட்டு மிளகு என்று வாசிப்பு போய்க்கொண்டிருந்தது, பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஊற்றடிக்குக் கீழே, நீர்நாவல், ஒன்று என்று மேனகா வாசித்தாள்.

தனபால் கையை உயர்த்தினார். கோபமில்லை, குரலில் தேன்தான். அந்த மரத்துக்கு அப்படி ஒரு பெயரைத் தன் ஆயுசில் கேட்டதில்லையே, யார் சொன்னது என்றார்.

மேனகா சிரித்துக்கொண்டே, "வெள்ளையம்மாள் அக்காதாங்க சார் சொன்னாங்க" என்றாள். பாவம், பாராட்டு வாங்கித் தருவதாக நினைத்துக்கொண்டாள்.

வயதானவர்கள் பக்கம் ஒரு அசைவு. கொட்டாவி விட்டவர்கள் வாயை மூடினார்கள். வெண்ணிலா திரும்பி, அம்மா சொல்லவே இல்லையே என்று கண்ணாலே கேட்டாள்.

சட்டம் என்ன சொல்லுது, ஊர் வழங்குற பேரைத்தானே எழுதச் சொல்லுது என்று தனபால் மேனகாவைக் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அப்படியானால் ஊரையே கேட்டுவிடலாம் என்று சபை பக்கம் திரும்பினார். அந்த மரத்தைப் புளுகி மரம் என்று அறிந்தவர்கள் கையைத் தூக்கட்டும்.

சின்னவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு தூக்கினார்கள். பெரியவர்கள் சிரிக்காமல் தூக்கினார்கள். அதோ மாரிசாமி, ராசம்மாளின் தம்பி, அவன் கையும் மேலே. வெண்ணிலா இரண்டு கையையும் தூக்கினாள், எழுதியவள் அல்லவா. வெள்ளையம்மாள் சுவரோரம் பார்த்தாள். குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி, உங்களுக்குத் தெரியாதுங்களா என்று தனபால் மரியாதையாகக் கேட்டார். குழந்தைவேலுவின் கை மெதுவாகக் காதுவரை ஏறி நின்றது.

"நீங்க சொல்லுங்க அம்மிணி" என்றார் தனபால். "உங்களுக்கும் தெரிஞ்ச பேருதானுங்களே. நீங்களும் சரின்னுட்டா ஒரே முடிவாப் போயிரும்."

கையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தூக்கியிருந்தால் வெண்ணிலாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, இன்னும் சில வருடமாவது. ஆனால் அது நான்காவது முறை ஆகிவிடும் என்று வெள்ளையம்மாளுக்குத் தோன்றியது. மூன்று முறைக்கு அப்பன் அழுதான் என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு என்ன சாக்கு? எழுந்தாள்.

"அந்தப் புளுகி நாந்தானுங்க" என்றாள். "நான் புளுகல. ராசம்மா முழுகுறப்ப இவரு பாறைமேல நின்னு கொக்கிய நீட்டி நீட்டி இழுத்தாரு. மாமான்னு கூப்புடச் சொன்னாரு. அவளுங் கூப்புட்டா. நான் மேட்டுல நின்னு பாத்தேன்."

கூரைத் தகரத்தில் குரங்கு ஓடும் சத்தம் கேட்டது. தனபால் முகம் கறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அவளை வருத்தமாகப் பார்த்தார். அந்த வருத்தத்தை எத்தனை வருடம் தயார் செய்து வைத்திருந்தாரோ.

"அன்னைக்கு நீங்களே மூணு தடவ சொன்னீங்களே அம்மிணி, புளுகுன்னு. நானா சொல்லச் சொன்னேன்? சின்ன வயசு, தோழி போன துக்கம். எங்கப்பாரு அப்பவே மன்னிச்சுட்டாரு, நானும் மன்னிச்சுட்டேன். உங்க ஊட்டுக்காரர ஒரு நாளாச்சும் வித்தியாசமா நடத்தியிருப்பனா? கேளுங்க."

யாரும் குழந்தைவேலுவைக் கேட்கவில்லை. மாரிசாமி எழுந்தான். ராசம்மாளின் ரத்தம், ஒரு வார்த்தை கேட்பான் என்று வெள்ளையம்மாள் நம்பினாள். அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான். அக்காளைப் பறிகொடுத்து எங்கம்மா பட்ட பாடு போதும், திரும்பவும் பொணத்தத் தோண்டாதீங்க, நொம்ப வருசமாச்சு என்றான். அவனும் தனபால் தோட்டத்தில்தான் மிளகு பறிக்க மரம் ஏறுகிறான். ஆமாமா, விடும்மா, ஒக்காரும்மா என்று பக்கத்திலிருந்த பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். பின்வரிசையில் ஒரு சிறுசு களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது.

பஞ்சாயத்துச் செயலருக்கு இந்த வம்பெல்லாம் தேவையில்லை, மழை வருவதற்குள் மலை இறங்க வேண்டும். ஊர் வழக்கப்படி புளுகி மரம் என்றே தீர்மானம் என்றார். பெயர்க் காரணமும் இப்போது கிடைத்துவிட்டதே, அதையும் எழுதிக்கொள்ளும்மா, பலகைக்கு நன்றாக இருக்கும் என்று மேனகாவிடம் சொன்னார். வேண்டாமே சார் என்று அவள் முணுமுணுத்தாள். சபையில் சொன்னதை எழுதாமல் விட முடியாது என்றார் அவர். அவள் பூ, காய் என்று தானாக எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். தோழி இறந்த துக்கத்தில் பொய்க் குற்றம் சொன்ன ஒரு பெண், பிறகு மரத்தடியிலேயே அதை ஒப்புக்கொண்டதால் என்று தனபால் சொல்லச் சொல்ல எழுதினாள். பெயர் போட வேண்டாம், அவங்களுக்கும் பொண்ணு இருக்குது பாருங்க என்றும் அவரே பெருந்தன்மையாகச் சொன்னார். மறுபடி கைகள் தூக்கப்பட்டன. ஒப்புதல் ஆயிற்று.

திரும்பும்போது குழந்தைவேலு வெகுதூரம் முன்னால் போய்விட்டான். காப்பிச் செடிகளுக்கு நடுவே அம்மாவும் மகளும் மட்டும் நடந்தார்கள். வெண்ணிலா கத்த வேண்டும், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று சண்டை போட வேண்டும் என்று வெள்ளையம்மாள் வேண்டிக்கொண்டு நடந்தாள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இருபத்தொரு வருடமாக வைத்திருந்த பதில்.

வளைவு தாண்டி யாரும் இல்லாத இடத்தில் வெண்ணிலா நின்றாள்.

"அம்மா, ஒன்னு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு கண்ணு."

"அன்னைக்குச் சொன்னது புளுகா, இன்னைக்குச் சொன்னது புளுகா?"

கேலியில்லை, கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டும் ஒரே வாய் சொன்னதுதானே, எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"இன்னைக்குச் சொன்னதுதான் நெசம் சாமி" என்றாள் வெள்ளையம்மாள். குரல் கெஞ்சுவதுபோல் வந்துவிட்டது. தன் காதுக்கே அது பொய்போலக் கேட்டது.

"சரிம்மா" என்றாள் வெண்ணிலா. உடம்பு சரியில்லாதவர்களிடம் சொல்கிற சரி. சொல்லிவிட்டு, மேடு ஏறத் துணையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.